ஈரக்கை

நீங்கள் ஆறு பேர் புதிதாக வந்திருக்கிறீர்கள். நாற்காலி ஐந்துதான் இருக்கிறது என்று திங்கட்கிழமையே சொன்னேன், யாரும் காதில் வாங்கவில்லை. பட்டறையில் ஒன்பது இடுக்கி இருந்தது. இன்று காலை எண்ணினால் எட்டு. எடுத்தவர் திருப்பி வைத்துவிடவும். இதைச் சொல்வதற்காகப் பூங்கொடி என்னை எழுதச் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். அவர் இந்தப் பட்டறையின் சொந்தக்காரர். வேலையில் பட்டதைப் புதியவர்களுக்கு எழுதிக் கொடுங்கள் அண்ணாச்சி என்று மூன்று முறை கேட்டுவிட்டார். நான்காவது முறை கேட்கும்படி வைத்துக்கொள்வது மரியாதை இல்லை.

சால்டர் வைப்பது எப்படி, எந்த விளக்குக்கு எவ்வளவு மின்சாரம் என்பதையெல்லாம் நான் எழுதப் போவதில்லை. அது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். தெரியாததைக் கைப்பேசி சொல்லிவிடும். அது சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. பெஞ்சுக்கு மேலே கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு பழைய செய்தித்தாள் மாட்டியிருக்கிறது. அதில் பென்சிலால் ஒரு கை வரைந்திருக்கிறது, ஐந்து விரலும் உள்ளங்கையுமாக. அது யாருடைய கை என்று உங்களில் ஒருவர் கேட்டார். நான் கேட்காததுபோல இருந்துவிட்டேன். என் காது நன்றாகத்தான் கேட்கும்.

எனக்கு எழுபத்தொரு வயது. முப்பத்தொரு வருடம் ஒரு தீப்பெட்டி ஆபீசில் கரண்டு வேலை பார்த்தேன். தொழிற்சாலை என்று எழுதினால் கோவில்பட்டியில் யாருக்கும் வாயில் வராது, அது ஆபீஸ்தான். அங்கே எனக்கு முன்னோடியாக ஒரு மேஸ்திரி இருந்தார். அவர் பெயரை எழுத மாட்டேன். எண்ணுகிற பழக்கம் அவர் கொடுத்தது. எண்ணாதவன் வேலை பார்க்கவில்லை, பொழுது போக்குகிறான் என்பார். அவர் கொடுத்த இன்னொன்றுதான் செய்தித்தாளில் கை வைக்கும் சோதனை.

தீப்பெட்டியில் குச்சி அடைக்கும் பெண்களில் யாருக்காவது உள்ளங்கை வியர்த்தால் குச்சி நமுத்துப்போகும். ஒரு கட்டு நமுத்துவிட்டது என்று தெரிந்தால் மேஸ்திரி ஒருத்தியைக் கூப்பிடுவார். மேசைமேல் செய்தித்தாளை விரித்து, அதில் கையை அழுத்தி வைக்கச் சொல்லி, இருபது எண்ணுவார். கையை எடுத்ததும் தாளில் ஈரம் பதிந்திருந்தால், அது காய்வதற்குள் பேனாவால் சுற்றிக் கோடு போட்டு, முதலாளியிடம் காட்டி ஒரே ஒரு சொல் சொல்வார். ஈரக்கை. அதற்குமேல் விசாரணை கிடையாது. அந்தப் பெண் அன்றைக்கே கணக்கு முடித்துக்கொண்டு போய்விட வேண்டும். அந்தச் சொல் அவளுக்கு முன்னால் நடந்து போய் மற்ற ஆபீசுகளிலும் சொல்லிவிடும். முப்பத்தொரு வருடத்தில் அப்படி ஒன்பது பேர் போனதை நான் எண்ணியிருக்கிறேன். எண்ணினேன், வேறொன்றும் செய்யவில்லை. அந்தச் சோதனை எனக்கு விஞ்ஞானமாகத் தெரிந்தது.

இனி இந்தப் பட்டறைக்கு வருகிறேன். போன மழைக்கு முன்னால் இங்கே நாங்கள் நான்கு பேர். பூங்கொடி. பழைய தீப்பெட்டி ஆபீஸ்காரரான மாரியம்மாள். கயத்தாற்றிலிருந்து தினம் பஸ்ஸில் வந்த ஜெசிந்தா. நான்காவது நான், செய்து முடித்ததைச் சரிபார்க்கிறவன். ஜெசிந்தா அதற்கு முன் ஒரு செல்போன் கடையில் பழுது பார்த்தவர். உளுந்தில் பாதி அளவு இருக்கிற உறுப்பையும் மூச்சை அடக்கிக்கொண்டு ஒரே தொடுதலில் ஒட்டிவிடுவார். மாரியம்மாள் ஒன்று முடிப்பதற்குள் ஜெசிந்தா இரண்டு முடிப்பார். இந்த வேகத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

சென்னையில் வீடியோ கேம் செய்கிற ஒரு சின்ன கம்பெனியிடமிருந்து எங்களுக்கு முதல் பெரிய வேலை வந்தது. அவர்களுடைய விளையாட்டில் நாயகி கழுத்தில் ஒரு கல் தொங்கும். உயிர்க்கல் என்று பெயர். அதற்குள் ஐந்து நீலப் புள்ளிகள். ஒவ்வொரு முறை அவள் அடிபடும்போதும் ஒரு புள்ளி அணையும். ஐந்தும் அணைந்தால் ஆட்டம் முடிந்தது. அந்தக் கல்லை நெல்லிக்காய் அளவில் நிஜமாகச் செய்து தர வேண்டும். விரலால் தொட்டால் ஐந்தும் எரியவேண்டும், மறுபடி தொடத் தொட ஒவ்வொன்றாக அணைய வேண்டும். பொத்தான் எதுவும் வெளியே தெரியக்கூடாது. இருபது கல். விளையாட்டை வெளியிடும் விழாவில் இருபது பேர் கையில் கொடுப்பதாக ஏற்பாடு.

உள்ளே இருக்கும் மின்சுற்றுப் போர்டை எங்களுக்காகவே வரைந்து வரவழைத்தோம். மேலே இருக்கும் கண்ணாடி போன்ற கல்கூட்டைப் பூங்கொடி வார்த்தார். ஜெசிந்தா பதின்மூன்று போர்டு, மாரியம்மாள் ஏழு போர்டு. ஐப்பசி அடைமழை அந்த நேரம் பார்த்துப் பிடித்தது. கரிசல் மண் செருப்பில் அப்பி, வாசலில் ஆளுக்கு அரைக்கிலோ கழற்றி வைத்துவிட்டு உள்ளே வருவோம். மழை ஈரத்தில் கல்கூடு இறுகவில்லை. ஜெசிந்தாவின் முதல் ஆறு போர்டு கூட்டுக்குள் போய்விட்டது. அடுத்த ஏழு, கூடு கிடைக்காமல் ஒன்பது நாள் காத்திருந்தது.

காத்திருக்கும் போர்டுகளுக்கு நான் ஒரு தட்டு செய்து வைத்திருந்தேன். மரத்தட்டு, இருபது அறை. அறைக்கு அறை தடுப்பாக, ஆபீஸ் கழிவில் வாங்கி வந்த தீப்பெட்டி மேல்கூடுகளைப் பிரித்து நிறுத்தினேன். அளவு பிசகாமல் வெட்டிய அட்டை எங்கள் ஊரில் வேறு எங்கே இத்தனை சுலபமாகக் கிடைக்கும்? குச்சி உரசுகிற பழுப்புப் பட்டைகள் எல்லாம் இடதுபக்கம் பார்த்திருக்கும்படி ஒரே வரிசையாக வைத்தேன். பார்க்க அழகாக இருந்தது. எந்த அறையில் எந்த எண் போர்டு என்று நோட்டிலும் எழுதினேன். அந்தத் தட்டைப் பற்றி எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை.

இருபது கல்லையும் நானே சோதித்தேன், கல்லுக்கு ஐம்பது தொடுதல். ஆயிரம் தொடுதலில் ஒன்றுகூடப் பிசகவில்லை. அனுப்பி வைத்தோம்.

பதினைந்தாம் நாள் காலையில் கம்பெனிப் பையன் வீடியோவில் கூப்பிட்டான். பேசவில்லை, கேமராவை மேசைப் பக்கம் திருப்பினான். வெல்வெட் துணிமேல் கற்கள் வரிசையாக இருந்தன. பக்கத்தில் யாரும் இல்லை. ஒரு கல் தானாக எரிந்தது, ஐந்து புள்ளியும். பிறகு நான்கு. பிறகு மூன்று. நாங்கள் நான்கு பேரும் அந்தச் சின்னத் திரையைப் பார்த்துக்கொண்டே நின்றோம். இரண்டு, ஒன்று, இருட்டு. பிறகு அதற்கு அடுத்த கல் எரிந்தது. யாரோ தொட்டுத்தொட்டு அணைப்பதுபோலவே இருந்தது.

“சார், யாரும் தொடலை சார்,” என்றான் பையன். அதை மட்டும் நான்கு முறை சொன்னான். மாரியம்மாள் நெற்றியைத் தொட்டுக் கும்பிட்டுக்கொண்டார்.

பதின்மூன்று கல் நன்றாக இருந்தது, ஏழு இப்படி ஆடியது. அந்த ஏழு கல்லையும் புதிதாகச் செய்துதரக் கம்பெனி ஒரு கெடு கொடுத்தது. கெட்ட ஏழும் திரும்பி வந்தன. ஒன்றை உடைத்துப் பார்த்தேன். தொடுவதை உணரும் செம்புத் தகட்டின் ஓரத்தில் பச்சை பூத்திருந்தது, தலைமுடியைவிட மெல்லிய நூல்போல. அந்த நூல் வழியாக மின்சாரம் கசிந்திருக்கிறது. கசிவை விரல் என்று கல் நினைத்துக்கொண்டது. செம்பு பச்சை பூக்க ஈரம் வேண்டும். ஈரம் எங்கிருந்து வந்தது? நோட்டைப் புரட்டினேன். ஏழும் ஜெசிந்தா செய்தவை. மாரியம்மாளின் ஏழில் ஒன்றுகூட இல்லை.

எழுபத்தொரு வயதில் ஒரு மனிதனுக்கு மூளை எங்கே ஓடும் என்று நினைக்கிறீர்கள்? முப்பத்தொரு வருடம் ஓடிய தடத்தில்தான் ஓடும். பழைய செய்தித்தாள் ஒன்றை எடுத்து மேசைமேல் விரித்தேன்.

பூங்கொடி வேண்டாம் என்றார். ஜெசிந்தா செய்த பதின்மூன்றில் ஆறு நன்றாக இருக்கிறதே என்று கேட்டார். அந்த ஆறும் மழைக்கு முன்னால் செய்தவை, புழுக்கம் இல்லாத நாட்கள், கை வியர்த்திருக்காது என்று பதில் சொன்னேன். ஒரு முடிவுக்கு வந்துவிட்டவனிடம் எல்லாவற்றுக்கும் பதில் இருக்கும்.

ஜெசிந்தா தாளைப் பார்த்தார். “எதுக்கு அண்ணாச்சி?”

“கைய வைம்மா. நான் இருபது எண்ணுதேன்.”

வைத்தார். நான் சத்தமாக எண்ணினேன். மாரியம்மாளுக்கு அது என்னவென்று தெரியும், அவர் தலையைக் குனிந்துகொண்டார். இருபதில் கையை எடுத்தபோது ஐந்து விரலும் உள்ளங்கையும் தெளிவாகப் பதிந்திருந்தன. காய்வதற்குள் பேனாவால் சுற்றிக் கோடு போட்டு, கீழே தேதியும் எழுதினேன். பூங்கொடியிடம் காட்டி அந்தச் சொல்லைச் சொன்னேன்.

கயத்தாற்றுக்காரரான ஜெசிந்தாவுக்கு அந்தச் சொல் தெரியாது. மாரியம்மாளிடம் கேட்டார். மாரியம்மாள் தணிந்த குரலில் சொன்னார். சொல்லிவிட்டு, தன்னை அறியாமலே தன் ஸ்டூலை அரை அடி தள்ளிப் போட்டுக்கொண்டார். ஜெசிந்தா அதைப் பார்த்தார். பிறகு தன் சொந்தச் சாமான்களை எடுத்துப் பைக்குள் வைத்தார். ஒரு இடுக்கி, ஒரு பூதக்கண்ணாடி, இரண்டு சால்டர் முனை. நான்கு. போக வேண்டாம் என்று பூங்கொடி வாசல்வரை போய்ச் சொன்னதாகவும், பேர் கெட்டபிறகு உட்கார முடியாதுக்கா என்று அவர் சொன்னதாகவும் பிறகு கேள்விப்பட்டேன்.

அந்த வாரமே பஸ் நிலையம் பக்கத்து டீக்கடையில் நானே நடந்ததைச் சொல்லியிருந்தேன். பத்து நாள் கழித்து அங்கே ஒரு செல்போன் கடைக்காரர் என்னைப் பார்த்ததும் சிரித்தார். நல்லவேளை சொன்னீங்க அண்ணாச்சி, அந்தப் பிள்ள எங்கடையில வேல கேட்டு வந்துச்சு, ஈரக்கையாமே, வேண்டாம்னுட்டேன் என்றார். அவருக்கு முந்தி இன்னொரு கடையிலும் அதே பதில்தானாம். அதைக் கேட்டபோது எனக்கு வருத்தம் வந்தது என்று எழுதினால் அது பொய். என் சொல்லுக்கு ஊரில் இன்னும் மதிப்பு இருக்கிறது என்றுதான் தோன்றியது. டீ கூட நன்றாக இருந்தது.

அதற்கு அடுத்த வாரம், மத்தியானம். பூங்கொடி சாப்பிடப் போயிருந்தார். மாரியம்மாள் பின்பக்கம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். மாற்றுக் கல்லுக்காக மாரியம்மாள் மூன்று போர்டு முடித்துத் தட்டில் வைத்து நாளாகியிருந்தது. நாலாவதை நானே செய்து அவற்றோடு வைத்திருந்தேன், ஜெசிந்தா இல்லாமல் வேலை தேங்கக்கூடாது என்று. மழை விட்டபாடில்லை. என் போர்டைத் தட்டிலிருந்து எடுத்து, பேட்டரியை இணைத்து, மேசைமேல் வைத்துவிட்டு மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அது எரிந்தது.

நான் தொடவில்லை. இரண்டு கையிலும் கண்ணாடி இருந்தது. ஐந்து. நான்கு. மூன்று. அதற்குமேல் என்னால் எண்ண முடியவில்லை. முதலில் அந்தச் சென்னைப் பையனின் குரல்தான் காதில் கேட்டது. அதன் பிறகுதான், இது நான் செய்த போர்டு என்பது உறைத்தது. என் கை சித்திரை மாதத்துக் கரிசல்போல வெடித்துக் காய்ந்துகிடக்கும் கை. அதில் ஏது ஈரம்?

போர்டைப் புரட்டினேன். ஓரத்தில் பச்சை. அதன்மேல் லேசாகப் பழுப்பு ஒட்டியிருந்தது. விரலால் தொட்டு மூக்கருகே கொண்டுபோனேன். முப்பத்தொரு வருடம் சட்டையிலும் சோற்றிலும் இருந்த வாசனை. பெட்டிப் பக்கவாட்டில் தடவுகிற மருந்து.

மழைக்காலத்தில் அந்த மருந்து ஈரத்தை இழுத்துக் கசியும். பட்ட செம்பைத் தின்னும். இது எனக்குத் தெரியாததல்ல. ஆபீசில் எத்தனை மின் இணைப்பு பச்சை பிடித்துக் கருகியதை நானே வெட்டி மாற்றியிருக்கிறேன். அந்த மருந்துப் பட்டையை, ஒன்றுகூடத் திரும்பிவிடாதபடி கவனமாக, ஒவ்வொரு போர்டின்மேலும் உரசும்படி வரிசையாக நிறுத்தி வைத்தவன் நான்.

நோட்டை எடுத்தேன். கெட்டுப்போன ஏழும் தட்டில் ஒன்றாம் அறை முதல் ஏழாம் அறை வரை ஒன்பது நாள் கிடந்தவை. ஜெசிந்தாவின் நல்ல ஆறும் தட்டுப் பக்கமே வராமல் நேராகக் கூட்டுக்குள் போனவை. மாரியம்மாளின் ஏழில் மூன்று மழைக்கு முன்பே கூட்டுக்குள் போனவை, மற்ற நான்கும் மெதுவாக முடிந்தவை. அவை முடியும்போது கூடு தயாராக இருந்தது, அதனால் அவையும் தட்டில் கிடக்கவில்லை. மூன்று முறை எண்ணினேன். மூன்று முறையும் அதே கணக்கு. மாரியம்மாளின் புது போர்டுகள் மூன்றையும் எடுத்துப் பார்த்தேன். இரண்டில் பச்சை. மூன்று பேருடைய கை, ஒரே ஒரு தட்டு. ஜெசிந்தா வேகமாக வேலை செய்தார், அதனால் அவருடைய போர்டுகள் காத்திருந்தன. அவ்வளவுதான் அவர் செய்த தப்பு.

எல்லாம் என் நோட்டிலேயே இருந்தது, என் கையெழுத்திலேயே. யார் செய்தது என்ற பத்தியை மட்டும் பார்த்தேன். பக்கத்துப் பத்தியைப் பார்க்கவில்லை.

அந்த மூன்று போர்டும் மறுநாள் கூட்டுக்குள் போயிருக்கும் என்பதை நினைத்தபோது உட்கார்ந்துவிட்டேன். மாரியம்மாள் பாத்திரத்தோடு வந்தவர், “என்ன அண்ணாச்சி, மூஞ்சி வெளுத்துக் கெடக்கு?” என்றார். சொன்னேன். அவர் முதலில் தன் ஸ்டூலைப் பார்த்தார்.

பூங்கொடி வந்ததும் ஒன்றும் விடாமல் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். அவர் தட்டைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டு வந்து, “அந்தப் பேப்பர் எங்கன இருக்கு அண்ணாச்சி?” என்று கேட்டார். கோப்பில் இருக்கிறது என்றேன். “அத எடுத்துக்கிட்டு கயத்தாறுக்குப் போங்க. நானும் வருவேன். ஆனா நீங்க முதல்ல தனியாப் போகணும்.”

போனேன். நெடுஞ்சாலையில் லாரிகள் நிற்கும் இடத்துக்குப் பின்னால் இரண்டாம் தெரு. வாசலில் துணிப்பை இரண்டு கட்டி வைத்திருந்தது. ஜெசிந்தாவின் மாமியார் முறத்தில் வத்தல் ஆய்ந்துகொண்டிருந்தார். ஜெசிந்தா மறுநாள் புதியம்புத்தூருக்குப் போவதாகச் சொன்னார்கள். அங்கே அவர் தங்கை வீட்டில் தங்கி ஒரு தையல் யூனிட்டில் வேலை. வாரத்துக்கு ஒருநாள் வந்து மகளைப் பார்த்துவிட்டுப் போவார். மகள் நான்காம் வகுப்பு. அந்தப் பைகளைப் பார்த்தபோதுதான் ஒரு சொல்லுக்கு எவ்வளவு எடை என்று எனக்குத் தெரிந்தது.

ஜெசிந்தா வாசலுக்கு வந்ததும் நின்றுகொண்டே சொன்னேன். தட்டு, மருந்து, நோட்டு, என் போர்டு தானாக எரிந்தது, எல்லாம். எதிர்வீட்டிலிருந்து இரண்டு பேர் வந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். கேட்கட்டும் என்று சத்தமாகவே சொன்னேன்.

ஜெசிந்தா கேட்டு முடித்துவிட்டுச் சொன்னார்: “ஏழுலயும் எம்பேரு இருக்குன்னு எண்ணுனீங்க. அது எங்கன கெடந்துச்சுன்னு எண்ணலை.”

“ஆமாம்மா.”

“அன்னைக்கு எங்கை ஏன் ஈரமா இருந்துச்சு, தெரியுமா?”

மழையில் நனைந்து வந்திருப்பீர்கள் என்றேன். அவர் உள்ளே போய் ஒரு பழைய செய்தித்தாளும் மகளின் பென்சிலும் எடுத்துவந்தார். மாமியாரின் முறத்தை நகர்த்தி வைத்துவிட்டு, அங்கே கிடந்த பெஞ்சின்மேல் தாளை விரித்தார்.

“கைய வைங்க அண்ணாச்சி. நான் எண்ணுதேன்.”

வைத்தேன். சித்திரைக் கரிசல் என்று எழுதினேனே, அந்தக் கை. அவர் மெதுவாக எண்ணினார். மாமியார் பார்த்துக்கொண்டிருந்தார். எதிர்வீட்டுக்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மகள் அம்மாவின் முழங்கையைப் பிடித்தபடி என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டில் தாள் என் உள்ளங்கையில் ஒட்டுவது தெரிந்தது. தெரிந்த உடனே இன்னும் வியர்த்தது. மேஸ்திரி கூப்பிட்டபோது அந்த ஒன்பது பெண்களும் எப்படி நடந்து வந்தார்கள் என்று அதுவரை நான் நினைத்துப் பார்த்ததில்லை. முதலாளி நிற்க, மேஸ்திரி நிற்க, கூட வேலை பார்த்தவர்கள் எல்லாம் பார்க்க, வேலை போய்விடும் என்று தெரிந்தே கையை வைத்திருக்கிறார்கள். யாருக்கு வியர்க்காது? முப்பத்தொரு வருடம் பக்கத்தில் நின்று அதைப் பார்த்தவன் நான், இது எனக்குத் தோன்றவே இல்லை.

“இருவது. எடுங்க.”

எடுத்தேன். ஐந்து விரல், உள்ளங்கை. அவர் சிரிக்கவில்லை. பென்சிலால் நிதானமாகச் சுற்றிக் கோடு போட்டார், சுண்டுவிரலில் தொடங்கி. கோடு முடியும்போது ஈரம் பாதி காய்ந்திருந்தது.

“ஒங்களுக்கும் ஈரக்கைதான் அண்ணாச்சி,” என்றார். தாளை மடித்து என்னிடம் கொடுத்தார். நான் கொண்டுபோயிருந்த, அவர் கை பதிந்த தாளை வாங்கி நான்காகக் கிழித்து அடுப்படிப் பக்கம் போட்டார். “இத ஒங்க பெஞ்சுக்கு மேல ஒட்டுங்க. ஒட்டுனா வாரேன்.”

பஸ் ஏறுவதற்கு முன்பே கண்ணாடிச் சட்டம் போடும் கடை எங்கே என்று விசாரித்தேன்.

அடுத்த நாளே டீக்கடைக்குப் போய், செல்போன் கடைக்காரர் இருக்கும்போது, தப்பு என் தட்டில்தான் என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. மறுநாளும் போய்ச் சொன்னேன். ஒரு பெயரைக் கெடுக்க ஒரு சொல் போதுமாயிருந்தது. அதைச் சரிசெய்ய நான் இதுவரை பதினான்கு முறை சொல்லியிருக்கிறேன், இன்னும் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

திங்கட்கிழமை ஜெசிந்தா வந்தார். செருப்பை வாசலில் கழற்றி, மண்ணைத் தட்டிவிட்டு, உள்ளே வந்து முதலில் சுவரைப் பார்த்தார். சட்டம் நேராக இருக்கிறதா என்று தலையைச் சாய்த்தும் பார்த்தார். பிறகு பையிலிருந்து ஒரு இடுக்கி, ஒரு பூதக்கண்ணாடி, இரண்டு சால்டர் முனை, நான்கையும் பெஞ்சில் எடுத்து வைத்தார்.

மாரியம்மாள் எழுந்து, தன் ஸ்டூலை அரை அடி இழுத்துப் பழைய இடத்தில் போட்டு உட்கார்ந்தார்.